வீடியோ விளையாட்டு விமர்சனத்தில் முடிவைப் போட்டுடைத்தல்: ஒரு வரலாறு

ஒரு கதையின் திருப்பத்தையோ முடிவையோ, அதை இன்னும் படிக்காத, பார்க்காத, விளையாடாத ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதை ஸ்பாய்லர் என்கிறார்கள். தமிழில் இதற்குப் பழைய பேச்சு வழக்கே இருக்கிறது. 'முடிவைப் போட்டு உடைத்துவிட்டான்' என்போம். வீடியோ விளையாட்டு விமர்சனங்களில் இப்படிப் போட்டுடைக்கலாமா என்ற வாதம், அந்த விளையாட்டுகள் கதை சொல்லத் தொடங்கிய நாளிலிருந்தே நடந்துவருகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சிறுபிள்ளைச் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் இதில் பணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பெரிய விளையாட்டு நெடுங்காலம் 60 டாலருக்கு விற்றது. விளையாடி முடிக்க 20 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். புத்தகக் கடையில் நின்றபடி நாலு பக்கம் புரட்டிப் பார்ப்பதுபோல இதைப் புரட்டிப் பார்க்க முடியாது. வாங்குவதற்கு முன் கிடைக்கும் சுதந்திரமான ஒரே சொல் விமர்சகருடையது. அவர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை யார் முடிவுசெய்வது? வாசகரா, விமர்சகரா, விற்பவரா? கடந்த 40 ஆண்டுகளில் இந்த அதிகாரம் கைமாறிய கதையே இக்கட்டுரை.

சில விளையாட்டுகளின் திருப்பங்களும் முடிவுகளும் இக்கட்டுரையில் வெளிப்படையாகவே வருகின்றன. அவற்றைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத இயலாது.

சொல்லும் அதற்கு முந்தைய வழக்கமும்

ஸ்பாய்லர் என்ற சொல்லை இந்தப் பொருளில் பரப்பியது அமெரிக்க நகைச்சுவை இதழான 'நேஷனல் லம்பூன்'. 1971 ஏப்ரல் இதழில் டக்ளஸ் கென்னி, புகழ்பெற்ற படங்கள், நாவல்கள் பலவற்றின் முடிவுகளை வரிசையாகப் போட்டுடைத்து, அந்தக் கட்டுரைக்கு இச்சொல்லையே தலைப்பாக வைத்தார். 1980களின் தொடக்கத்தில் யூஸ்நெட் எனப்பட்ட கணினிக் கடிதக் குழுக்களில் இது எச்சரிக்கைச் சொல்லாக மாறியது. 1982இல் 'ஸ்டார் ட்ரெக்' வரிசையின் இரண்டாவது படம் வந்து, அதன் முடிவில் ஒரு முக்கியப் பாத்திரம் இறந்துபோனபோது, படம் பார்க்காதவர்கள் மேலே படிக்க வேண்டாம் என்ற குறிப்போடு கடிதங்கள் எழுதப்பட்டன. அதே காலத்தில் அங்கே இன்னொரு உத்தியும் இருந்தது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி எழுதிவிடுவார்கள். பார்த்தவுடன் ஒன்றும் புரியாது. படிக்க வேண்டும் என்று நினைப்பவர் மட்டும் எழுத்துகளைத் திருப்பித் தள்ளிப் படித்துக்கொள்வார்.

சொல் புதிது, வழக்கம் பழையது. லண்டனில் 1952இல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்ட்ராப்' நாடகத்தின் முடிவில், கொலையாளி யார் என்பதை வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது மரபு. ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ' படத்தை வெளியிட்டபோது இன்னும் ஒருபடி மேலே போனார். படம் தொடங்கிய பின் யாரையும் அரங்குக்குள் விடக் கூடாது என்று விதி செய்தார். விமர்சகர்களுக்கு வழக்கமாகப் போடும் முன்காட்சியையும் நிறுத்தினார். அவர்களும் பொதுமக்களோடு உட்கார்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நாடகக்காரர்கள் வேண்டுகோள் விடுத்தார்கள். ஹிட்ச்காக் கதவைச் சாத்தினார். விளையாட்டு விமர்சனத்தின் வரலாறும் முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் போய்ச் சேர்ந்தது.

நம் ஊரில் திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் கதைச்சுருக்கம் பாதிவரை வரும். பிறகு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை, ஏனெனில் அதை அச்சிட்டதன் நோக்கமே படத்துக்கு ஆள் சேர்ப்பதுதான். அதை விமர்சனம் என்று எண்ணி வாங்கியவர் எவரும் இல்லை.

விடையை விலைக்கு விற்ற காலம்

கதை சொல்லும் கணினி விளையாட்டுகளுக்கு முன்னோடி 'அட்வென்ச்சர்'. குகை ஆய்வில் ஈடுபாடு கொண்ட வில் க்ரௌதர் என்ற நிரலர், கென்டக்கி மாநிலத்து மாமத் குகையை மனத்தில் வைத்து 1970களின் நடுவில் இதை எழுதினார். 1977இல் டான் வுட்ஸ் விரிவுபடுத்தினார். படம் எதுவும் கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்சு செய்ய வேண்டும். இதைப் பின்பற்றி மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் 'ஸோர்க்' என்ற விளையாட்டை எழுதினர். அவர்களில் சிலர் சேர்ந்து 1979இல் இன்ஃபோகாம் நிறுவனத்தைத் தொடங்கினர்.

இந்த விளையாட்டுகளில் போட்டுடைக்கக் கூடியது கதை அன்று, புதிர்களின் விடை. ஒரு பூட்டிய கதவின் முன் ஆட்டக்காரர் வாரக்கணக்கில் நின்றுவிடுவார். அப்போது அவர் விடையைச் சொல்லாதே என்று கெஞ்சமாட்டார், காசு கொடுத்தாவது விடையை வாங்கப் பார்ப்பார். 'ஸோர்க்' ஆட்டக்காரர்களின் கடிதங்கள் குவிந்தபோது, மைக் டார்ன்புரூக் என்பவர் அவர்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக் குறிப்புகள் அனுப்பத் தொடங்கினார். அதிலிருந்து 1982இல் பிறந்ததே 'இன்விசிக்ளூஸ்' என்ற சிறு புத்தக வரிசை.

இந்தப் புத்தகத்தின் அமைப்பைச் சற்று நின்று பார்க்கலாம். கேள்விகள் சாதாரண மையில் அச்சாகியிருக்கும். அவற்றுக்கான குறிப்புகள் கண்ணுக்குத் தெரியாத மையில் இருக்கும். புத்தகத்தோடு வரும் தனிப் பேனாவால் தேய்த்தால்தான் எழுத்து எழும்பும். ஒரு கேள்விக்கு ஒரே விடை கிடையாது. முதல் வரியில் ஒரு சாடைப் பேச்சு இருக்கும், அடுத்த வரியில் கொஞ்சம் தெளிவு பிறக்கும், கடைசி வரியில்தான் முழு விடை. எந்த வரியோடு நிறுத்திக்கொள்வது என்பது தேய்ப்பவர் பாடு. கேள்விகளைப் படித்தாலே கதை தெரிந்துவிடுமே என்ற சிக்கலுக்கும் வழி வைத்திருந்தார்கள். விளையாட்டிலேயே இல்லாத பொருள்களைப் பற்றிய பொய்க் கேள்விகளை இடையிடையே கலந்துவிட்டனர். அவற்றைத் தேய்த்துப் பார்த்தவருக்குக் கிண்டல்தான் விடையாகக் கிடைக்கும். கணக்கு வகுப்பில் திணறும் மாணவனுக்கு விடையைச் சொல்லாமல் அடுத்த படியை மட்டும் எடுத்துக் கொடுக்கும் ஆசிரியரின் வேலையை மையும் பேனாவும் செய்தன.

இதே காலத்தில் 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு' இதழில் ஸ்கார்ப்பியா என்ற புனைபெயரில் ஒரு பெண்மணி எழுதிவந்தார். இவருடைய கட்டுரைகள் பாதி விமர்சனம், பாதி வழிகாட்டி. எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் குறிப்புகள் தருவார். மேலும் உதவி வேண்டுவோர் தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையோடு எழுதலாம் என்பார். ஓர் ஆட்டத்தின் நடுப்பகுதி எப்படி இருக்கிறது, இறுதிப் போர் நியாயமாக அமைந்திருக்கிறதா என்பதையெல்லாம் அவர் தயங்காமல் எடைபோட்டார். 'மைட் அண்ட் மேஜிக்' வரிசையின் இரண்டாம் பாகத்தை அவர் கடுமையாக விமர்சித்தார். அதை உருவாக்கிய ஜான் வான் கேனகெம் மூன்றாம் பாகத்தில் ஓர் அரக்கிக்கு ஸ்கார்ப்பியா என்று பெயர் வைத்துப் பழிதீர்த்துக்கொண்டார்! விமர்சகர்மீது விற்பவருக்குக் கோபம் வந்தால், அதிகபட்சம் இவ்வளவுதான் செய்ய முடிந்த காலம் அது.

நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவில் தொலைபேசி ஆலோசகர்களையே அமர்த்தியது. 1988இல் 'நின்டெண்டோ பவர்' என்ற சொந்த இதழையும் தொடங்கி, வரைபடங்களையும் இரகசிய வழிகளையும் அச்சிட்டது. விடை சொல்வது அப்போது ஒரு தொழில். அதைக் குற்றமாக எவரும் கருதவில்லை.

யாசு

ஜப்பானில் நிலைமை சற்று முன்னதாகவே மாறியது. யூஜி ஹோரீ என்பவர் 1983இல் 'போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு' என்ற துப்பறியும் விளையாட்டை எழுதினார். பின்னாளில் 'டிராகன் குவெஸ்ட்' வரிசையால் நாடறிந்தவர் இவர். ஆட்டக்காரர்தான் துப்பறிவாளர். அவர் திரையில் தோன்றுவதில்லை. அவர் இடும் கட்டளைகளை நிறைவேற்றுபவர் யாசு என்ற உதவியாளர். கதவைத் தட்டுவது, சாட்சியை விசாரிப்பது, பொருளைத் தேடுவது எல்லாம் யாசுவே. கடைசியில் பார்த்தால் குற்றவாளியும் யாசுவே.

1985இல் இது வீட்டுத் தொலைக்காட்சியில் இணைக்கும் ஃபாமிகாம் கருவிக்கும் வந்து பெரிதாகப் பரவியது. 'குற்றவாளி யாசு' என்ற இரண்டு சொல் ஜப்பானில் பழமொழிபோல ஆகிவிட்டது. விளையாட்டைத் தொட்டே பார்க்காதவர்களும் அதைச் சொன்னார்கள். ஸோர்க்கின் ஒரு கதவுக்கு விடை தெரிந்தால் அடுத்த அறைக்குப் போகலாம், ஆட்டம் தொடரும். இங்கே இரண்டு சொல் தெரிந்தாலே ஆட்டத்தின் உயிர் போய்விடும். புதிரின் விடையும் கதையின் முடிச்சும் ஒன்றல்ல என்பதை விளையாட்டு உலகுக்கு உணர்த்திய முதல் உதாரணங்களில் இது ஒன்று.

மேற்குலகில் அதே பாடம் 1997இல் கிடைத்தது. 'ஃபைனல் ஃபேன்டசி 7' மூன்று வட்டுகளில் வந்தது. முதல் வட்டின் முடிவில் ஏரித் என்ற இளம்பெண் கொல்லப்படுகிறாள். அதுவரை ஆட்டக்காரர் அவளைத் தம் அணியில் வைத்துப் பல மணி நேரம் வளர்த்திருப்பார்; ஆயுதம் வாங்கிக் கொடுத்திருப்பார், மந்திரம் பயிற்றியிருப்பார். அத்தனையும் ஒரு கணத்தில் பறிபோகிறது. திரைப்படத்தில் ஒரு பாத்திரம் இறந்தால் துக்கம் மட்டுந்தான். இங்கே உழைப்பும் சேர்ந்து போகிறது. இதை முன்பே அறிந்தவர் அவளுக்காக ஒரு காசு செலவழிக்கமாட்டார். ஆகவே இங்கே போட்டுடைத்தல் கதையை மட்டும் கெடுப்பதில்லை, ஆட்டக்காரரின் நடத்தையையே மாற்றிவிடுகிறது.

கதாநாயகன் மாறிய விளையாட்டு

2001 நவம்பரில் கொனாமி நிறுவனம் 'மெட்டல் கியர் சாலிட் 2' விளையாட்டை வெளியிட்டது. முந்தைய பாகத்தின் நாயகன் ஸ்னேக் உலகெங்கும் பெயர்பெற்றவன். முன்னோட்டங்களில் அவனே வந்தான். அந்த ஆண்டின் தொடக்கத்தில் வேறொரு விளையாட்டோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட மாதிரி வட்டிலும் அவனே நாயகன். விளையாட்டை வாங்கித் தொடங்கியவர்களுக்கு முதல் பகுதியில் ஸ்னேக் கிடைத்தான். அந்தக் கப்பல் பகுதி முடிந்ததும் ரெய்டன் என்ற புதிய இளைஞன் வந்தான். மீதி விளையாட்டு முழுவதும் அவனாகவே ஆட வேண்டும்.

இயக்குநர் ஹிடியோ கோஜிமா இதை வெளியீட்டு நாள்வரை கட்டிக்காத்தார். கதையின் கருவே ஏமாற்றும் தகவல், அடையாளம், ஒருவனை இன்னொருவனாக ஆக்குதல் என்பதால், இந்த மாற்றம் கலைநோக்கில் பொருத்தமானது என்று வாதிடுவோர் உண்டு. எனக்கும் அதில் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் ஸ்னேக்குக்காக 50 டாலர் கொடுத்தவர் பலர் கொதித்துப்போனார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளியது: இதை விமர்சனம் எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டில் என்ன நடக்கிறது என்பதை விமர்சகர் மறைக்கலாம். நல்ல விமர்சகர் மறைக்கவும் வேண்டும். நாம் எதை வாங்குகிறோம் என்பதை மறைக்கக் கூடாது. ரெய்டன் யார், அவன் ஏன் வருகிறான் என்பதெல்லாம் கதை. 'விளம்பரத்தில் பார்த்தவனாக நீங்கள் பெரும்பகுதி ஆடப்போவதில்லை' என்பது சரக்கைப் பற்றிய செய்தி. இரண்டையும் பிரிக்கும் கோடு எப்போதும் தெளிவாக இருக்காது. அந்தக் கோட்டை இழுப்பதுதான் விமர்சகரின் வேலை. அதற்காகவே வாசகர் அவரை நம்புகிறார். அந்தக் கோலை விற்பவர் கையில் கொடுத்துவிட்டால் விமர்சனமும் பாட்டுப் புத்தகம் ஆகிவிடும்.

நிபந்தனையோடு வரும் பிரதி

கொடுத்துவிட்டார்கள் என்றுதான் பின்வந்த வரலாறு காட்டுகிறது.

விளையாட்டு கடைக்கு வருவதற்குச் சில நாள், சில வாரம் முன்பே விமர்சகருக்கு ஒரு பிரதி அனுப்பப்படும். அதோடு ஒரு நிபந்தனைத் தாளும் வரும். இன்ன நாள், இன்ன மணிக்கு முன் விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்பது அதன் பழைய சரத்து. இதை எம்பார்கோ என்பார்கள். அவசரமாக விளையாடி அரைகுறையாக எழுதும் போட்டியைத் தவிர்க்க இது உதவும் என்பதால் விமர்சகர்களும் ஏற்றுக்கொண்டார்கள். நாளடைவில் 'எப்போது எழுதலாம்' என்பதோடு 'எதை எழுதக் கூடாது' என்பதும் சேர்ந்துகொண்டது. கையெழுத்திட மறுப்பவருக்குத் தடை எதுவும் இல்லை. முன்பிரதி கிடைக்காது, அவ்வளவுதான். அவர் வெளியீட்டு நாளில் கடையில் வாங்கி, விளையாடி முடித்து எழுதும்போது, வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்திருப்பார்கள்.

2008 ஜூனில் 'மெட்டல் கியர் சாலிட் 4' வந்தபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. இடைக்காட்சிகளின் நீளத்தையும், கருவியில் விளையாட்டை நிறுவுவதற்கான அளவையும் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்கப்பட்டது. இவை எந்தக் கதையின் முடிச்சு? இந்த விளையாட்டின் இறுதிக் காட்சித்தொடர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். ஆடுவதற்கு வாங்கிய பொருளில் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய செய்தி. 'எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லி' இதழ் இந்தக் கட்டுப்பாட்டை ஏற்காமல் தன் வழக்கமான விமர்சனத்தைத் தள்ளிவைத்தது.

2017இல் சிக்கல் இன்னொரு பக்கம் திரும்பியது. அதற்குள் விளையாடுவதை அப்படியே இணையத்தில் நேரலையாகக் காட்டும் பழக்கம் பரவிவிட்டது. 'பெர்சோனா 5' ஏப்ரல் மாதம் மேற்கு நாடுகளில் வெளியானபோது அட்லஸ் நிறுவனம், கதைக்குள் வரும் நாட்காட்டியில் ஜூலை 7ஆம் தேதிக்கு மேல் காட்டினால் காணொலிமீது உரிமைக்கோரல் வரலாம், கணக்கே முடக்கப்படலாம் என்று எச்சரித்தது. கருவியில் இருந்த பகிர்வுப் பொத்தானும் இந்த விளையாட்டில் வேலை செய்யவில்லை. எதிர்ப்பு வலுத்ததால் அதே மாத இறுதியில் மன்னிப்புக் கேட்டுத் தேதியை நவம்பர் 19 என்று தள்ளிவைத்தது. இம்முறை அச்சுறுத்தப்பட்டவர் முன்பிரதி வாங்கிக் கையெழுத்திட்ட விமர்சகர் அல்லர். கடையில் காசு கொடுத்து வாங்கியவர்.

இந்த வரலாற்றின் உச்சம் 2020. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற 2013ஆம் ஆண்டு விளையாட்டில் ஜோயல் என்ற நடுவயதுக்காரனும் எல்லி என்ற சிறுமியும் நாடு கடந்து பயணம் போவார்கள். தந்தையும் மகளும்போல ஆன அந்த இருவரையும் ஆட்டக்காரர்கள் நெஞ்சில் வைத்திருந்தனர். இரண்டாம் பாகம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2020 ஏப்ரல் இறுதியில், அதன் காட்சிகள் இணையத்தில் கசிந்தன. ஜோயல் தொடக்கத்திலேயே ஆபி என்ற பெண்ணால் அடித்துக் கொல்லப்படுகிறான் என்பது அம்பலமானது. இன்னொன்றும் தெரியவந்தது: கதையின் பாதியில் ஆட்டக்காரர் எல்லியை விட்டு அந்த ஆபியாகவே ஆட வேண்டும்.

விளையாட்டு வெளியான நாள் ஜூன் 19. விமர்சனங்களுக்கு அனுமதி ஜூன் 12. ஒரு வாரம் முன்னதாகவே அனுமதித்தது தாராளம்தான். ஆனால் இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசத் தடை இருந்தது. பழிவாங்கியவளின் கண்ணால் அதே நாட்களை மறுபடி வாழ்ந்து பார்ப்பதுதான் இந்த விளையாட்டின் கருத்து. அது வெற்றிபெற்றதா, தோற்றதா என்பதில்தான் முழு மதிப்பீடும் தொங்குகிறது. விமர்சகர்கள் அந்தப் பாதியைச் சுற்றிச்சுற்றி வந்து, 'வன்முறையைப் பற்றி ஆழமாகப் பேசுகிறது', 'எதிர்பாராத இடங்களுக்குக் கொண்டுபோகிறது' என்று பொதுப்படையாக எழுத வேண்டியதாயிற்று. தங்கள் கை கட்டப்பட்டிருப்பதைச் சிலர் விமர்சனத்திலேயே சொல்லிவிட்டனர். அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

முன்னோட்டத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2019 செப்டம்பரில் காட்டப்பட்ட முன்னோட்டத்தில் ஜோயல் தோன்றி, உன்னைத் தனியாகப் போகவிடுவேனா என்ற பொருளில் எல்லியிடம் பேசுகிறான். உண்மையான விளையாட்டில் அந்தக் காட்சியில் இருப்பவன் ஜெஸ்ஸி என்ற வேறோர் இளைஞன். ஜோயல் அதற்குள் இறந்துவிட்டிருப்பான். முடிச்சைக் காப்பாற்ற முன்னோட்டத்தில் ஆளையே மாற்றிப் பதித்திருக்கிறார்கள். விளம்பரம் ஒன்று, சரக்கு வேறு. 19 ஆண்டுகளுக்கு முன் ஸ்னேக்கைக் காட்டி ரெய்டனைத் தந்ததன் மறுபதிப்பு இது. இம்முறை அதைச் சுட்டிக்காட்ட வேண்டியவர்களின் வாயும் நிபந்தனையால் கட்டப்பட்டிருந்தது.

முதல் மூன்று நாளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றதாகச் சோனி அறிவித்தது. இரண்டாம் பாதியைப் பற்றிய வெளிப்படையான கட்டுரைகள் அதன் பிறகே வரத்தொடங்கின. அவற்றில் சில மிக நல்ல கட்டுரைகள். இதற்கிடையே, கசிவைப் படித்துக் கோபமுற்றவர்கள் வெளியீட்டு நாளிலேயே மெட்டாக்ரிட்டிக் தளத்தில் பூஜ்ஜிய மதிப்பெண்களைக் குவித்தார்கள். அடுத்த மாதம் அந்தத் தளம், ஒரு விளையாட்டு வெளியாகி 36 மணி நேரத்துக்குப் பிறகே பொதுமக்கள் மதிப்பெண் இடலாம் என்று விதி வகுத்தது. விமர்சகர் பேசாத இடத்தைக் கசிவும் வசையும் நிரப்பிக்கொண்டன.

தெரிந்துகொண்டால் கெடுமா?

சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோனத்தன் லெவிட், நிக்கலஸ் கிரிஸ்டன்ஃபெல்டு ஆகிய இருவர் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 12 சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, முடிவு தெரிந்து படித்தவர்கள், தெரியாமல் படித்தவர்கள் என்று ஒப்பிட்டனர். முடிவு தெரிந்தவர்களே கதையைச் சற்று அதிகமாக ரசித்ததாகக் கண்டனர். இது செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் பெஞ்சமின் ஜான்சன், ஜூடித் ரோசன்பாம் ஆகியோர் செய்த ஆய்வு இதற்கு மாறான முடிவுக்கு வந்தது.

சிறுகதைக்கு எது பொருந்தினாலும் விளையாட்டுக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் எண்ணவில்லை. விடிய விடியக் கூத்துப் பார்க்கும் நம் மக்களுக்கு அபிமன்யு இறப்பான் என்பது தெரியும், தெரிந்தும் அழுவார்கள். உண்மை. ஆனால் கூத்துப் பார்ப்பவர் சக்கர வியூகத்துக்குள் போகும் முடிவைத் தாம் எடுப்பதில்லை. 2007இல் வந்த 'பயோஷாக்' விளையாட்டில் கடலடி நகரம் ஒன்றில் வானொலிக் குரல் ஒன்று ஆட்டக்காரருக்கு வழிகாட்டும். 'தயவுகூர்ந்து அதைச் செய்' என்று பணிவாகவே சொல்லும். அந்தத் 'தயவுகூர்ந்து' என்ற சொல்லைக் கேட்டால் கீழ்ப்படியும்படி நாயகனின் மூளை முன்பே பழக்கப்பட்டிருக்கிறது என்பது பாதிக்கு மேல் தெரியவரும். அதுவரை தம் விருப்பப்படி ஆடியதாக நினைத்தவர், ஏவியதையெல்லாம் செய்தது தாமே என்று உணர்ந்து திடுக்கிடுவார். முன்பே அறிந்தவருக்கு அந்தத் திடுக்கிடல் இல்லை. அடுத்தவருக்கு நேர்ந்ததை வேடிக்கை பார்ப்பார். இதே விளையாட்டில், அந்தத் திருப்பத்துக்குப் பின்வரும் பகுதி முன்பகுதிக்கு ஈடில்லை என்பது பலரும் சொன்ன குறை. திருப்பத்தைத் தொடாமலே 'பிற்பகுதி தொய்கிறது' என்று விமர்சகர் எழுதிவிட முடியும். அதையும் எழுதாதே என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

2019இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' இதன் மறு எல்லை. ஒரு சிறு சூரியக் குடும்பம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆட்டக்காரருக்குப் புதிய ஆயுதமோ சக்தியோ எதுவும் சேராது. ஒவ்வொரு சுற்றிலும் சேர்வது அறிவு மட்டுமே. விடை தெரிந்தவர் முதல் சுற்றிலேயே முடித்துவிடலாம். இப்படிப்பட்ட விளையாட்டைப் பற்றி விமர்சகர் வாயை மூடிக்கொண்டால் நான் நன்றி சொல்வேன்.

எச்சரிக்கை வேறு, போட்டுடைத்தல் வேறு

பெற்றோரும் ஆசிரியரும் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2009இல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர் 2' விளையாட்டின் ஒரு கட்டத்தில், விமான நிலையத்தில் நிராயுதபாணிகளைச் சுட்டுத்தள்ளும் கும்பலோடு ஆட்டக்காரரும் நடக்க வேண்டும். விளையாட்டே தொடக்கத்தில் எச்சரித்து, வேண்டாதவர் இக்கட்டத்தைத் தாண்டிச் செல்ல வழி கொடுத்தது. 2017இல் இலவசமாக வந்த 'டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்' பார்வைக்குப் பள்ளிக்கூடக் காதல் கதை. இளஞ்சிவப்புப் பொம்மைப் படங்கள். உள்ளே தற்கொலை இருக்கிறது. அந்த அதிர்ச்சியே அதன் உத்தி. ஆயினும் குழந்தைகளுக்கும் எளிதில் மனம் கலங்குவோருக்கும் உகந்ததல்ல என்று அது தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது.

எச்சரித்தால் முடிச்சு அவிழ்ந்துவிடுமே என்ற வாதத்தை இந்த விளையாட்டுகளைச் செய்தவர்களே ஏற்கவில்லை. அவர்களுக்கில்லாத தயக்கம் விமர்சகருக்கு எதற்கு? யார் சாகிறார், எப்படிச் சாகிறார் என்று சொல்ல வேண்டியதில்லை. தற்கொலைக் காட்சி உண்டு என்ற ஒரு வரி போதும். அமெரிக்காவில் 1994இல் தோன்றிய தரமதிப்பீட்டு வாரியம் இந்த வேலையைச் செய்கிறது. 2008 முதல் அது வெளியிடும் சுருக்கக் குறிப்புகள் சில காட்சிகளை வெளிப்படையாகவே விவரிப்பதால், கதை முன்பே தெரிந்துவிடுகிறது என்று ரசிகர்கள் முணுமுணுப்பதும் உண்டு. முணுமுணுக்கட்டும்.

கலைக்களஞ்சியத்தின் நிலையும் ஒரு பழைய மரணமும்

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருகாலத்தில் கதைச்சுருக்கங்களுக்கு மேல் எச்சரிக்கைப் பட்டை இருந்தது. 2007இல் நீண்ட விவாதத்துக்குப் பின் அவற்றை நீக்கிவிட்டார்கள். கதை என்ற தலைப்பின் கீழ் கதைதான் இருக்கும், அதற்குத் தனி எச்சரிக்கை எதற்கு என்பது நீக்கியவர்களின் வாதம். 2010இல் 'மவுஸ்ட்ராப்' கொலையாளியின் பெயர் அங்கே இருப்பது குறித்து அகதா கிறிஸ்டியின் குடும்பத்தினர் வருத்தம் தெரிவித்தனர். பெயர் நீக்கப்படவில்லை. கலைக்களஞ்சியத்துக்கு அதுவே சரி. பொருளை வாங்கலாமா என்று கேட்டு வருபவருக்கு எழுதுவது விமர்சனம். பொருள் என்ன என்று கேட்டு வருபவருக்கு எழுதுவது கலைக்களஞ்சியம்.

ஏரித்தின் மரணம் அதற்குள் ஊரறிந்த செய்தியாகிவிட்டது. 'ஃபைனல் ஃபேன்டசி 7' விளையாட்டைப் புதிதாக உருவாக்கி முதல் பாகத்தை 2020 ஏப்ரல் 10 அன்று வெளியிட்டபோது, ஆட்டக்காரர்களுக்கு அது தெரியும் என்பதையே அடித்தளமாக வைத்துக் கதையை மாற்றி எழுதியிருந்தனர். பழைய கதையிலிருந்து எவரும் விலகாதபடி காவல் காக்கும் ஆவிகள் அதில் வருகின்றன. அதே மாதக் கடைசியில்தான் ஜோயலின் மரணம் கசிந்தது.

இரண்டாம் பாகம் 2024 பிப்ரவரி 29 அன்று வந்தது. ஏரித் கொல்லப்பட்ட இடம்வரை கதை போகிறது. 27 ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்திருந்த அது இம்முறையும் நடக்கிறதா, இல்லையா என்பதே கேள்வியாகிவிட, விமர்சகர்கள் பலர் அதைத் தொடாமல் எழுதினார்கள். வந்து அதிக காலம் ஆகாத விளையாட்டு என்பதால் நானும் அதை இங்கே எழுதவில்லை.